செமோர் தோட்டத்துக் கிரைண்டர்

ஈப்போ பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பேனரை ஒரே ஆள் கைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "விரைவு மாவு அரைப்புப் பயிற்சி. கோவை நிபுணரை வரவேற்கிறோம்" என்று எழுதி, ஓரத்தில் என் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் நான் ஸ்டூடியோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பேன். உண்மையில் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நிபுணர் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. பீளமேட்டில் கிரைண்டர் செய்யும் பட்டறை ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். கண்காட்சிகளில் மேசைக்குப் பின்னால் நின்று அரைத்துக் காட்டி, வேடிக்கை பார்க்கும் பெண்களின் உள்ளங்கையில் கொஞ்சம் மாவை வைத்து "தொட்டுப் பாருங்க" என்று சொல்வாளே ஒருத்தி, அவள்தான் நான்.

ஈப்போவிலிருக்கும் ஒரு தொண்டர் குழு எங்களிடமிருந்து பெரிய கிரைண்டர் ஒன்றை வரவழைத்திருந்தது. செமோரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். அங்கே மிச்சமிருக்கும் குடும்பங்களில் ஆறு பெண்கள் இட்லி, தோசை மாவு அரைத்து ஈப்போ கடைகளுக்கு அனுப்புவதாகத் திட்டம். இரண்டு மாதம் ஆகியும் சொன்ன நேரத்துக்கு மாவு போகவில்லை, சொன்ன அளவும் போகவில்லை. "இயந்திரம் அருமை. எங்கள் மக்கள்தான் மெதுவாக இருக்கிறார்கள். வேகம் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் அனுப்ப முடியுமா?" என்று குழுவின் தலைவி எழுதியிருந்தார். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வேகமாகப் பேசுகிறவள் வேகமாக அரைக்கவும் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். அதுவரை பாலக்காட்டைத் தாண்டாதவள் நான்.

பேனர் பிடித்தவர் பெயர் செல்வம். ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார், குழுவில் ஓடியாடி வேலை செய்கிறவரும் அவர்தான். "அக்கா, பசியா? வாங்க போலாம், டீச்சர் காத்துக்கிட்டு இருக்காங்க லா," என்றார். அந்த 'லா' முதல் நாள் என் காதில் இடித்தது. மூன்றாம் நாள் நானே இரண்டு இடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

டீச்சர் என்பவர்தான் குழுவின் தலைவி ரீத்தா டீச்சர். தமிழ்ப்பள்ளி ஒன்றில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சாப்பிடும் முன் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு என் தட்டைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று அதட்டுகிற ரகம். பயறு முளையும் வெந்த கோழியும் ஈப்போவின் பெருமை என்றார். எங்கள் ஊரில் பயறு முளை கட்டினால் அது சுண்டலுக்குப் போகும், இங்கே அதற்குத் தனிக் கடையே இருக்கிறது. வெள்ளைக் காப்பி என்று ஒன்று வந்தது. வெள்ளை எங்கே என்று தேடினேன், பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கினேன்.

காப்பி குடித்துக்கொண்டே டீச்சர் விஷயத்துக்கு வந்தார். மாவு வாங்குகிறவர் ஈப்போவில் மூன்று கடை வைத்திருக்கும் ஒரு பாய். இப்போது ஒரு கடைக்கு மட்டும் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கே வருகிறார். மூன்று கடைக்கும் முடியும் என்று காட்டினால் மொத்தமும் நமக்கு, இல்லையென்றால் கோலாலம்பூர் கம்பெனி மாவுக்கு மாறிவிடுவார்.

"நல்ல பொம்பளைங்கதான்மா. ஆனா கொஞ்சம் இழுப்பாங்க. நீங்க ரெண்டு நாள் கூட இருந்து முடுக்கி விடுங்க," என்றார் டீச்சர்.

புதன்கிழமை காலை டீச்சரும் நானும் செல்வத்தின் காரில் கிளம்பினோம். இங்கே காரைக் 'காடி' என்கிறார்கள். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த கஞ்சி. அந்தக் காடி செமோரைத் தாண்டியதும் கொதிக்க ஆரம்பித்தது. செல்வம் பதறவில்லை. பின்சீட்டில் எட்டு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார், ஆனால் எட்டும் காலி. என் குடிநீர் பாட்டிலும் ரேடியேட்டருக்குள் போனது. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள், நடுவில் நாங்கள். மருதமலைக்குப் படி இருக்கிறது, இந்தக் குன்றுகளுக்கு ஏறும் வழியே கண்ணுக்குத் தெரியவில்லை.

பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் வங்காளதேசத்து ஆள். தண்ணீர் கொடுத்துவிட்டுச் செல்வத்திடம் மலாயில் ஏதோ கேட்டார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாராம். மாவு ஆட்டச் சொல்லிக் கொடுக்க இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று செல்வம் சொன்னதும், அவர் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று நானும் கையாட்டினேன்.

தோட்டம் என்று பெயர்தான் இருக்கிறது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வருடக்கணக்காகிவிட்டது. செம்பனை வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தோட்டத்தில் வேலையில்லை. போகிறவர்கள் போக, இரண்டு வரிசை லயத்து வீடுகளில் பாதிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். குழு சும்மா இருக்கவில்லை என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. வீடுகளுக்குச் சாயம், நூலக அறை, காய்கறிப் பாத்திகள், சுவர் முழுக்க, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்ணின் பெரிய ஓவியம். செல்வம் என்னை அந்த ஓவியத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். பேனர் மறுபடியும் வந்தது.

முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த கொட்டகையில்தான் கிரைண்டர். அதை மஞ்சள் துணியால் போர்த்தி, மாலை போட்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். அதைத் திறக்கப் போனேன்.

"இன்னைக்கு மாவு அரைச்சாச்சும்மா. நாளைக்கு பாக்கலாம். மொத சாப்பிடுங்க," என்று ஒருவர் குறுக்கே வந்தார். லெட்சுமி அக்கா. ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். ஆறு பேருக்கும் அவர்தான் தலைமை என்பது மற்ற ஐந்து பேரும் பதில் சொல்லும் முன் அவரைத் திரும்பிப் பார்ப்பதிலேயே தெரிந்தது.

தோசை வந்தது. ஓரம் முறுகி நடுவில் மெத்தென்று இருந்தது. பானையிலிருந்த மாவைத் தொட்டுப் பார்த்தேன். என் வேலையே தொட்டுப் பார்ப்பதுதானே. குறை சொல்ல ஒன்றுமில்லை. உளுந்து ஊறும் நேரம், உப்பு போடும் நேரம், இந்த ஊர் வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடுவதால் ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மார்கழிக் குளிரில் மாவுப் பானைக்குக் கம்பளி போர்த்துகிறவள் நான், அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? கடனே என்று பத்து நிமிடம் பேசினேன். டீச்சர் எழுந்து, "மிஷின் நல்லா இருக்கு இல்ல? ஒண்ணும் கொறை இல்லையே?" என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே குரலில் "நல்லா இருக்கு டீச்சர்" என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம். டீச்சரும் செல்வமும் கிளம்பிப் போனார்கள். நான் லெட்சுமி அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கண் அயர்ந்திருந்தேன். சத்தம் கேட்டு எழுந்தேன். வேறு யாராவது என்றால் மழை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது தாலாட்டு மாதிரி பழகின சத்தம். சின்ன கிரைண்டர், வீட்டுக் கிரைண்டர். ஒன்றல்ல, லயம் முழுக்க ஐந்தாறு ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்படிக்குப் போனேன். லெட்சுமி அக்கா முழங்கை வரை மாவோடு நின்றார். பக்கத்தில் ஒரு வாளி. அதற்குள் கையை விட்டேன். ரவையும் நொய்யுமாகக் கரகரவென்று இருந்தது.

"ஏனுங்கக்கா, இது என்னங்க?"

"பெரிய மிஷின்ல வந்த மாவும்மா."

"அதெப்படிங்க? எங்க மிஷின்ல இப்படி வராதே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அப்புறம்தான் சொன்னார். முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் மாவு மசியாது. பெரிய மிஷினில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வீடு வாளியில் கொண்டுபோய்ச் சின்ன கிரைண்டரில் மறுபடி ஆட்டி, ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். இரண்டு மாதமாக. ஒரு கடைக்கே மூச்சு முட்டுகிறது, மூன்று கடைக்கு எங்கே போவது? டீச்சர் வருகிற நாளில் மிஷினுக்குத் துணி போர்த்திவிடுவார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் மிஷின் பேர் கெட்டுப் போகிறதே என்ற கோபம் பாதி. "ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எப்படிம்மா சொல்றது? டீச்சர் வீடு வீடா போயி காசு கேட்டு வாங்கிக் கொடுத்திருக்காங்க. நல்லால்லன்னு சொன்னா மனசு ஒடஞ்சி போயிருவாங்க. தப்பு எங்க கையிலதான்னு நெனச்சோம், எங்களுக்கு ஓட்டத் தெரியல போலன்னு." வாளியை ஓரமாக நகர்த்தினார். "எங்கப்பா காலத்துல தொர வந்து நின்னு கேப்பாரு, எல்லாம் நல்லா இருக்கான்னு. நல்லா இருக்கு தொரேன்னு சொல்லணும். இல்லன்னு எவனாச்சும் சொன்னா மறுநாள் ஏறவே முடியாத மேட்டுக்காட்டுல வேலை கொடுப்பாங்க. அது அப்படியே ஒட்டிக்கிச்சு போல."

அவரைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன். பதினொரு வருடம் கையுறை ஆலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. விடியுமுன் வேன் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். கிரைண்டர் வருகிறது என்றதும் முதல் ஆளாக ஆலையை விட்டார், மற்ற ஐந்து பேரையும் இழுத்து வந்தார். இப்போது தாக்குப்பிடிக்க முடியாமல் ஆலை மேற்பார்வையாளரிடம் திரும்ப இடம் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொன்னால் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். பாய் தலையாட்டாவிட்டால் லெட்சுமி அக்கா வேன் ஏறிவிடுவார். அவர் போனால் மற்றவர்கள் நிற்கமாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

"டீச்சர்கிட்ட சொல்லிறாதம்மா," என்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் துணியை உருவி எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். பாத்திரம் ஒரு சுற்று சுற்றியதுமே சிரித்துவிட்டேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றினால் வழிக்கும் பலகை மாவைக் கல்லுக்கு அடியில் தள்ளாது, வெளியே ஒதுக்கிவிடும். கல் சும்மா உட்கார்ந்திருக்கும். பெரிய மோட்டாருக்கு மூன்று வயர், அதில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கமாக ஓடும். குழுவில் யாரோ ஒரு நல்ல மனிதர் இலவசமாக இணைப்புக் கொடுத்த இடத்தில் மாறிப் போயிருக்கிறது.

"சுத்துற பக்கத்துக்குச் சிவப்பு அம்புக்குறி ஒட்டி அனுப்புவோமே, அது எங்கீங்க?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷினின் நெற்றியில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். பூஜை போட்ட அன்று, சிவப்பாக இருந்த இடம் பொருத்தமாக இருக்கிறதென்று அம்புக்குறி மேலேயே சாமி ஸ்டிக்கரை ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அதைக் கிழிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சாமி அங்கேயே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, வயரை மாற்றினேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கடல் தாண்டி வந்த காரியம் முடிந்தது. ஊறவைத்த உளுந்தைப் போட்டதும் கல் அதைப் பிடித்து இழுத்தது. அரை மணியில் வெண்ணெய் மாதிரி பொங்கி வந்தது. ஆறு பேரில் அந்தோணியம்மாள் என்பவர் உளுந்து மாவில் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு அழுதார். "ரெண்டு மாசமா என் தோள்பட்ட எறங்கிப் போச்சு லா," என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

அரிசி அரைக்கும்போதுதான் எனக்கும் லெட்சுமி அக்காவுக்கும் முட்டிக்கொண்டது. அரிசி லேசாகக் கரகரப்பாக இருக்கும்போதே அவர் நிறுத்தச் சொன்னார். இன்னும் ஓடட்டும், நைஸாக வந்தால்தான் மாவு என்றேன் நான். இருபது வருட அனுபவம் பேசியது. அவர் வாதாடவில்லை. "சரிம்மா," என்றார். பிறகு நான் குளிக்கப் போன நேரத்தில் தன் பதத்தில் தனியாக ஒரு தவலை அரைத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். டீச்சர், செல்வம், பேனர், பாய். பாய் பேச்சே இல்லாத மனிதர். அண்டாக்களை எண்ணாமல், அவை எத்தனை மணிக்கு அரைத்தவை என்று மட்டும் கேட்டார். நேற்று ஒரே பகலில் அரைத்த மூன்று கடைக்கான மாவு என்றதும் புருவம் ஏறியது. என் மாவில் தோசை வார்த்தார்கள். ஒரு வாய் தின்றார். மென்றார். தட்டைக் கீழே வைத்தார்.

"பஞ்சு மாதிரி இருக்கு. வீட்டுக்கு நல்லா இருக்கும். என் கடைக்கு வர்றவனுக்கு கடிச்சா சத்தம் வரணும். முன்ன வந்த மாவு இது இல்லையே."

என் முகத்தில் ஈயாடவில்லை. கண்காட்சியில் இப்படி ஒரு ஆள் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மணி பதினொன்று ஆகியிருந்தது. லெட்சுமி அக்கா உள்ளே போய்த் தன் தவலையைத் தூக்கி வந்தார். அவரே வார்த்தார். பாய் கடித்த சத்தம் நின்ற இடத்தில் எனக்குக் கேட்டது. முழுதும் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டார்.

"இதுதான். மூணு கடைக்கும் இதையே அனுப்புங்க. திங்கக்கெழமையிலேருந்து."

செல்வம் கைதட்டினார். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னார்: "பாத்தீங்களா, நெனச்சா முடியுது. ரெண்டு நாள் பயிற்சியிலயே இவ்ளோ வேகம். ரெண்டு மாசமா ஏன் இப்படி இழுத்தீங்க?"

நான் வாயைத் திறக்கப் போனேன். லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அவரே பேசினார், அடுப்பைப் பார்த்தபடி.

"பயிற்சி இல்ல டீச்சர். மிஷின் எதிர்ப்பக்கமா சுத்துச்சு. மாவு மசியல. ஆறு வீட்டுலயும் சின்ன மிஷின்ல ரெண்டாவது தடவ ஆட்டித்தான் கடைக்கு அனுப்பினோம். நாங்க இழுக்கல."

டீச்சர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தார். "ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நல்லா இருக்கான்னுதான் கேப்பீங்க டீச்சர். நல்லால்லையான்னு கேட்டதில்ல."

நான் சண்டை வரும் என்று நினைத்தேன். "முப்பது வருஷம் வகுப்புல புரிஞ்சுதான்னுதான் கேட்டேன். எல்லாப் பிள்ளைங்களும் புரிஞ்சுது டீச்சர்னுதான் சொல்லுச்சுங்க," என்றார் டீச்சர். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "சரி. வேற என்னா நல்லால்ல, சொல்லுங்க."

அந்தோணியம்மாள்தான் மெல்ல ஆரம்பித்தார்: சுவரில் பால்வெட்டுகிற பெண் கத்தியைத் தப்பாகப் பிடித்திருக்கிறாள், அப்படி வெட்டினால் மரம் செத்துப்போகும், தினம் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான், மடை திறந்தது. நூலகம் அவர்கள் மாவு அரைக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கிறதாம். பாத்தியில் நட்ட கீரையைப் பச்சையாகத் தின்னச் சொல்கிறார்கள், மாட்டுக்குத்தான் போடுகிறோம் என்றார் ஒருவர். டீச்சர் எழுதிக்கொண்டே போனார். நடுவில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேனர் எதற்கு என்று யாரோ கேட்டதும் செல்வம் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. லெட்சுமி அக்கா போனை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். மேற்பார்வையாளரிடம் மலாயில் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"திங்கக்கெழம வரமாட்டேன்னு சொல்றாங்க, அக்கா."

கொஞ்சம் இடைவெளி.

"ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறான் போல. இல்ல, நல்லா இருக்கேங்கிறாங்க."

மறுபடி இடைவெளி. லெட்சுமி அக்கா ஏதோ சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் சரியாகக் கேட்காததால் குரலை உயர்த்தி அதையே திரும்பச் சொன்னார். செல்வம் உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் அவர் முழங்கையில் இடித்தேன்.

"எனக்கு வேலை இருக்குங்கிறாங்க," என்றார் செல்வம். "எங்க தோட்டத்துல வேலை இருக்குன்னு."